நூறு வீத வரவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் எங்கள் ஊர்ப் பாடசாலையில் எந்தப் பிள்ளைக்கும் வயிறு வலிக்கவில்லை. ஒருவருக்கும் தலை இடிக்கவில்லை. ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. இடாப்பு அப்படித்தான் சொல்கிறது. ஐந்தாம் ஆண்டு வகுப்பின் நாற்பத்திரண்டு பெயர்களுக்கு நேரே, ஜனவரி தொடங்கி நோன்பு விடுமுறை வரைக்கும், ஒரு கட்டம் தவறாமல் வரவுக் குறி விழுந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்தவரையில் அது நல்ல செய்தியாக இருந்தது.

சுபைறாவின் மகள் முனவ்வறாவுக்கு மட்டும் புதன்கிழமைகளில், விடிய ஆறரை மணிக்கு, தொப்புளைச் சுற்றி வலித்தது.

சுபைறா வீட்டுத் தறியில் சாறன் நெய்பவள். புருஷன் மீராசா அந்தச் சாறன்களை மூட்டை கட்டிக்கொண்டு பொத்துவில் பக்கம் போய் விற்றுவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குத்தான் வீடு திரும்புவார். ஆகவே புதன்கிழமை வயிற்றுவலி முழுக்க முழுக்க சுபைறாவின் பொறுப்பில் இருந்தது.

"உம்மா, நோகுது."

"நேத்து நோகல்லையே."

"நேத்து நோகல்லதான்."

"நாளைக்கு நோகுமா?"

பத்து வயதுப் பிள்ளை யோசித்துப் பார்த்து, உண்மையைச் சொன்னாள்.

"நாளைக்கு நோகாது உம்மா."

இப்படி நாள் பார்த்து வருகிற நோவை சுபைறா அதற்குமுன் கண்டதில்லை. இஞ்சி தட்டிக் கொடுத்தாள். ஓமம் அவித்துக் கொடுத்தாள். வயிற்றில் ஆமணக்கெண்ணெய் தடவினாள். பள்ளிவாசல் லெவ்வையிடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள். எல்லா மருந்தும் வேலை செய்தது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் வேலை செய்தது. வியாழக்கிழமை காலையில் முனவ்வறா மூன்று ரொட்டி தின்றாள்.

புதன்கிழமை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கான மாதிரிப் பரீட்சை நாள். வகுப்பாசிரியர் முனாப் சேர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய வகுப்பில் பிரம்பு கிடையாது. கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட அதைச் சொல்லுவார். பிரம்புக்குப் பதிலாக அவரிடம் ஒரு பேனை இருந்தது. பரீட்சை முடிந்ததும் விடைத்தாளைத் திருத்தி, ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் புள்ளியை எழுதுவார். பிறகு கூடுதலான புள்ளி முதலாம் வாங்கு, குறைந்த புள்ளி கடைசி வாங்கு என்று வகுப்பு முழுவதும் எழுந்து இடம் மாறும். அடுத்த புதன்கிழமை வரைக்கும் அதுதான் அந்தப் பிள்ளை உட்காரும் இடம். கையில் எழுதியதை வீட்டில் காட்ட வேண்டும். அழிக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளைகள் பின்னேரம் குர்ஆன் மதரசாவுக்குப் போகிறவர்கள். ஓதுவதற்குமுன் கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்க வேண்டும். அந்த வருடம் கடைசி வாங்குப் பிள்ளைகளின் மார்க்கப் பற்று திடீரென்று பெருகியது. மணியடித்ததும் பள்ளிவாசல் ஹவுள் தொட்டிக்கு ஓடி, ஐந்து வேளைத் தொழுகைக்கும் சேர்த்து எடுப்பதுபோல் ஒளு எடுத்தார்கள். கையை மட்டும் அரைமணி நேரம் தேய்த்தார்கள்.

விஷயம் பாடசாலை அதிபர் ஸைனுலாப்தீனிடம் போனது. அதிபர் ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். ஒளுவின் தண்ணீர் முழங்கைக்கு மேலே ஏற வேண்டியதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த புதன்கிழமையிலிருந்து புள்ளிகள் முழங்கைக்கு மேலே எழுதப்பட்டன. பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மாடு வளர்ப்பவர்கள் குறி சுடுவதற்குத் தொடையைத் தேர்ந்தெடுப்பதும் இதே யோசனையினால்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை முனவ்வறா வாசலில் குந்திக்கொண்டு எழும்ப மறுத்தாள். தறியில் அன்றைக்கு முடிக்க வேண்டிய சாறன் பாதியில் நின்றது. சுபைறாவுக்கு எங்கிருந்தோ ஓர் ஆத்திரம் வந்தது.

"எழும்புடி! கள்ளி! ஒவ்வொரு புதனும் பொய் சொல்ல ஆரு படிப்பிச்ச ஒனக்கு?"

கன்னத்தில் அறைந்தாள். பிள்ளை எழும்பினாள், புத்தகப் பையை எடுத்தாள், போனாள். அழவில்லை. அறைந்த கை அன்று முழுவதும் தறியில் சரியாக ஓடவில்லை. நூலை ஓட்டும் நாடா இரண்டு தரம் கீழே விழுந்தது. சுபைறா தன்னைக் கேட்டுப் பார்த்தாள்: எனக்கு யார்மேல் ஆத்திரம்? பதிலைத் தேடிப் போனால், கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையின் தாய் என்று தண்ணீர்க் குழாயடியில் தன்னைப் பார்த்த இரண்டு பெண்களின் முகம்தான் வந்தது. அதற்கு மேலே யோசிக்க அவள் விரும்பவில்லை. நாடாவை எடுத்து நெய்தாள்.

அதன்பிறகு முனவ்வறா வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. சுபைறா முதலில் சந்தோஷப்பட்டாள். மூன்றாவது புதன்கிழமை கிணற்றடிக்குப் பின்னால் போனபோது, பிள்ளை மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் வாந்தி எடுப்பதைக் கண்டாள். எடுத்து முடிந்ததும் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். திரும்பி உம்மாவைக் கண்டவுடன் அவள் செய்த முதல் காரியம், சிரித்தது.

அந்தச் சிரிப்பு சுபைறாவின் நெஞ்சுக்குள் மீன் முள் மாதிரிச் சிக்கிக்கொண்டது.

அந்தக் கிழமைதான் பெற்றோர் கூட்டமும் நடந்தது. வட்டாரக் கல்விக் காரியாலயம் ஒரு கேடயம் அறிவித்திருந்தது. நோன்பு விடுமுறை வரைக்கும் நூறு வீத வரவு காட்டுகிற பாடசாலைக்குக் கொடுக்கப்படும். நல்ல முதிரை மரப் பலகை, நடுவில் பித்தளைத் தகடு. அதிபர் அதற்காக நூலக அலுமாரியின் மேல்தட்டைக் காலி செய்துவிட்டார். அங்கே இருந்த புத்தகங்கள் சாக்கில் கட்டப்பட்டு, மாணவர் நலன் கருதி மாடிப்படிக்குக் கீழே வைக்கப்பட்டன.

"அன்பார்ந்த பெற்றோரே!" என்று அதிபர் தொடங்கினார். "பிள்ளைக்கு நோய் வருவதை நான் எதிர்க்கவில்லை. அது படைத்தவனின் நாட்டம். ஆனால் அது காலை எட்டு மணிக்கும் பிற்பகல் ஒன்றரைக்கும் இடையில் வருவதை இந்த நிர்வாகம் வன்மையாக எதிர்க்கிறது. மிகுதிப் பதினெட்டரை மணித்தியாலம் உங்கள் கையில் இருக்கிறது. சனி இருக்கிறது. ஞாயிறு இருக்கிறது. சற்றுத் திட்டமிட்டு வாழுங்கள்! எனது நாற்பது வருடக் கல்வி வாழ்க்கையில் நான் கண்ட உண்மை ஒன்று: பிள்ளை என்பது வரும், போகும். கேடயம் நிற்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சுபைறாவும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். அவை அவளைக் கேட்காமலே தட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் தறியை நிறுத்திவிட்டு மகளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஓர் இளம் டொக்டர் இருந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார். பிறகு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையுடன் கதைத்தார்.

"எப்ப நோகுது?"

"புதன்கிழம."

"சனிக்கிழமையில?"

"இல்ல."

"இதென்ன கையில, இருபத்தேழு?"

முனவ்வறா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். டொக்டர் பிள்ளையை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்.

"வயித்துல வருத்தம், நோய் ஒண்டும் இல்ல" என்றார்.

சுபைறாவின் முகம் சுட்டது. "அப்ப, பொய்யா டொக்டர்?"

"ஆரு சொன்ன பொய்யெண்டு? பயந்தா ஒங்களுக்கு நெஞ்சு படபடக்கிறல்லியா? அது பொய்யா? புள்ளைக்கு மனசு பயப்படுது, வயிறு நோகுது. மெய்யாத்தான் நோகுது. ஒங்களுக்கும் எனக்கும் நோகிற மாதிரித்தான்."

அவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். 'வயிற்றில் நோய் எதுவும் இல்லை. வலி உண்மையானது. பரீட்சைப் பயத்தினால் உண்டாகிறது. இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், ஓய்வு தேவை. பிள்ளையின் உடம்பில் புள்ளி எழுதுவதை உடனே நிறுத்தவும்.'

பஸ்ஸில் திரும்பும்போது முனவ்வறா இரண்டு தரம் கேட்டாள்.

"டொக்டர் என்ன உம்மா சொன்னார்?"

"ஒண்டுமில்லையாம்" என்றாள் சுபைறா.

உண்மையைச் சொன்னால் இனிமேல் பாடசாலைக்கே போக மாட்டாளோ என்று பயந்தாள். பிள்ளை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. டொக்டர் கொடுத்ததில் பாதியைத் தாய் எடுத்து ஒளித்துக்கொண்டாள். மற்றப் பாதியை ஒளிப்பதற்கு அதிபர் காத்திருந்தார்.

அதிபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டை உரத்து வாசித்தார்.

"'வயிற்றில் நோய் எதுவும் இல்லை.' முற்றுப்புள்ளி. பாத்தீங்களா தங்கச்சி, முற்றுப்புள்ளி வெச்சிரிக்கார். படிச்ச மனிசன்."

"அதுக்குக் கீழேயும் எழுதியிரிக்கார் சேர்."

"கீழ எழுதினது அவர்ட சொந்த அபிப்பிராயம். வைத்தியம் முற்றுப்புள்ளியோட முடிஞ்சி போச்சி."

துண்டு முதல் வரிக்குக் கீழே அழகாக மடிக்கப்பட்டு, அறிவித்தல் பலகையில் குத்தப்பட்டது. மற்றப் பெற்றோரும் பார்த்துப் பயன்பெறட்டும் என்றார் அதிபர்.

சுபைறா அங்கேயே நின்றாள். "இரண்டு கிழம ஓய்வு" என்றாள். அவளுக்கு அந்த ஒரு சொல்தான் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது.

அதிபர் இரக்கப்பட்டார். இப்படிப்பட்ட தாய்மாருக்காகவே ஒரு வழி வைத்திருந்தார். அலுமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். நோவு விண்ணப்பம். மூன்று பிரதி. நோவு வருவதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்னதாகச் சமர்ப்பிக்க வேண்டும். நோவின் இடம். தொடங்கும் நேரம். முடியும் நேரம். இதற்குமுன் நோவு கோரி மறுக்கப்பட்டதுண்டா? சாட்சிகள் இருவர், அவர்களுக்கு நோவு இருத்தலாகாது. கிராம சேவகரின் அத்தாட்சி.

கிராம சேவகர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் ஒராள் இந்தப் பிரிவில குடியிரிக்காரா எண்டுதான் எழுதிக் குடுக்கலாம். இந்த நோவு எத்தின காலமா இஞ்ச இரிக்கி?"

"ஜனவரியில இரிந்து."

"ஆறு மாசம் ஆகல்லையே. வாக்காளர் இடாப்பில பேர் ஏறுறத்துக்கும் காணாது. செரி, புள்ளைட முகத்துக்காகப் போட்டுத் தாறன்." ரப்பர் முத்திரையில் வாயால் ஊதிக் குத்தினார்.

விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முனவ்வறாவுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி முதல் பதினொரு மணி வரை வயிறு வலிக்க அனுமதி கிடைத்தது. வலி வழக்கம்போலப் புதன்கிழமை வந்தது. அது அனுமதி பெறாத வலியாக இருந்தபடியால் முனாப் சேர் அவளை எழுப்பி நிறுத்தி, அரசாங்கம் ஒரு வசதி செய்து கொடுத்தால் அதை ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்று வகுப்புக்குப் புத்தி சொன்னார்.

ஆனால் வலி அவள் ஒருத்தியோடு நிற்கவில்லை. மே மாதத்தில் வேறு பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்தார்கள், தலையைப் பிடித்தார்கள். மருதமுனையிலிருந்து வரும் ஒரு பையனுக்குக் கால் மரத்துப்போய் நடக்க முடியவில்லை. பரீட்சை முடிந்ததும் பந்து விளையாடினான். வீட்டுக்கு அனுப்பினால் வரவு போய்விடும். ஆகவே விஞ்ஞான ஆய்வுகூடம் என்று பெயர் எழுதி வைத்திருந்த வெறும் அறையில் பாய்கள் விரிக்கப்பட்டன. வலிக்கிற பிள்ளை அங்கே படுக்கலாம். படுத்தாலும் அது வரவுதான். பாய் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

மாதக் கடைசியில் பதினேழு பாய்கள் ஆகின. பதினேழு பிள்ளைகளின் பரீட்சை வீணாகிறதே என்று முனாப் சேருக்கு மனம் கேட்கவில்லை. புதன்கிழமைகளில் பாய்களுக்கு நடுவே நடந்தபடி கேள்விகளை உரத்து வாசித்தார். பிள்ளைகள் குப்புறப் படுத்து விடை எழுதினார்கள். புள்ளி போடுவது லேசாக இருந்தது. கை ஏற்கனவே நீட்டியபடி கிடந்தது. வாங்குகள் மாற்றுவதைப்போல் பாய்களையும் வரிசை மாற்றினார்.

சுபைறா ஒருநாள் பாய் கொண்டுபோய்க் கொடுத்தபோது யன்னல் வழியே இதைக் கண்டாள். எத்தனையோ மரண வீடுகளில் ஜனாசாக்களுக்குப் போயிருக்கிறாள். படுக்க வைத்திருப்பவர்களிடம் வானவர்கள் கேள்வி கேட்பது கப்றுக் குழிக்குள் போன பிறகுதான் என்று அவள் நினைத்திருந்தாள். மகள் நான்காவது பாயில் கிடந்தாள். பக்கத்துப் பிள்ளையின் கையில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

நோன்பு விடுமுறைக்கு முந்திய கடைசிப் புதன்கிழமை வட்டாரக் கல்வி அதிகாரி அபுல் ஹஸன் கேடயத்துடன் வருவதாக இருந்தது. அன்று விடிய முனவ்வறாவால் நிமிர முடியவில்லை. உடம்பு கேள்விக்குறிபோல் வளைந்து கிடந்தது. உதட்டைக் கடித்த இடத்தில் இரத்தம். அப்போதும் சொன்னாள்:

"ஒண்டுமில்ல உம்மா. நான் போறன். பாயச் சுத்தித் தாங்க."

சுபைறா பாயைச் சுற்றவில்லை. விரித்து மகளை அதில் படுக்க வைத்தாள்.

எட்டரை மணிக்குப் பாடசாலைப் பியோன் சீனிமுகம்மது சைக்கிளில் வந்தான்.

"ராத்தா, புள்ளய ஏத்தி உடுங்க. அதிகாரி வாற நேரம். சும்மா கதிரையில இரிந்தாக் காணும்."

"அவளுக்கு ஏலா. வரமாட்டாள்."

"பின்னால கட்டியெண்டாலும் கொண்டுபோறன் ராத்தா. நெல்லு மூட்டையே கட்டிக் கொண்டுபோறன், உழுந்ததில்ல."

"நீ போ தம்பி."

சீனிமுகம்மது தலையைச் சொறிந்தான். நல்ல மனிதன், ஆறுதல் சொல்ல நினைத்துச் சொன்னான்:

"செரி, பயப்படாதீங்க. வராட்டியும் ஒண்டும் ஆகாது. திங்கக்கிழமையே வெள்ளி வரைக்கும் எல்லாருக்கும் வரவு போட்டாச்சி. ஒங்கட புள்ள இப்ப அங்கதான் இரிக்காள்."

அவன் போன பிறகும் சுபைறா வாசலில் நின்றாள். ஆறு மாதமாக இந்தப் பிள்ளையின் உடம்பு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த உடம்பு தேவைப்படாமலே ஒரு பாடசாலை நடந்திருக்கிறது. அப்படியென்றால் யாருக்காக அவள் அறைந்தாள்? ஆத்திரம் காலிலிருந்து ஏறியது. இந்தத் தடவை அது யார்மேல் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. பாதி அவளுக்கே உரியது. மற்றப் பாதியை அதன் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டு சல்மா உம்மாவை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒன்றரை மணிக்குச் சரியாக முக்காட்டைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனாள்.

மைதானத்தில் தென்னோலைத் தோரணம் கட்டியிருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் கேடயம், அதற்கு முன்னால் ஐந்தாம் ஆண்டு வகுப்பு தன் வாங்குகளோடு. அதிகாரி அபுல் ஹஸன் ஐந்தாம் ஆண்டு இடாப்பைப் புரட்டி, இப்படியொரு இடாப்பைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை, ஒரு வெட்டுக்கூட இல்லை, சித்திரம் போல் இருக்கிறது என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி?" என்றார் அதிபர்.

"பள்ளிக்கூடம் உடுற நேரம். புள்ளயக் கூட்டிப்போக வந்திரிக்கன்."

"எந்தப் புள்ள?"

"முனவ்வறா. மீராசாட மகள். ஐந்தாம் ஆண்டு."

அதிபரும் முனாப் சேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதிகாரி இடாப்பில் விரலை ஓட்டினார்.

"இருபத்தொன்பதாவது பேர். வரவு. நூறு வீதம். பாக்கியசாலித் தாய்! கூப்பிடுங்க புள்ளய."

"முனவ்வறா!" என்று முனாப் சேர் கூப்பிட்டார்.

"உள்ளேன் சேர்!" என்றது வகுப்பிலிருந்து ஒரு குரல்.

முதல் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி நின்றாள். சல்மா உம்மாவின் மகள் சரீபா. வகுப்பில் முதலாம் பிள்ளை. யாராவது வராத நாட்களில் அவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் பொறுப்பு அவளுடையது. பழக்கத்தில் எழும்பிவிட்டாள். எழும்பிய பிறகு சுபைறாவைக் கண்டு, உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

"இந்தா இரிக்காளே" என்றார் அதிபர் மெதுவாக. "கூட்டிப்போங்க தங்கச்சி. மிச்சத்தப் பொறகு பேசுவம்."

"இது பக்கத்து ஊட்டுப் புள்ள சேர். இவட உம்மா இப்ப என்ட ஊட்ட இரிக்கா. எனக்கு என்ட புள்ளதான் வேணும். காலையில வந்தாள் எண்டு எழுதியிரிக்கி. வந்த புள்ளயத் தாங்க."

சரீபாவின் வாய் கோணியது. வயிற்றைப் பிடித்தாள்.

"எனக்கு நோகுது சேர்" என்றாள்.

அதிகாரி கனிவோடு குனிந்தார். "ஒனக்கு என்ன புள்ளி மகள்?"

"தொண்ணூத்தி நாலு."

"தொண்ணூத்தி நாலா! பின்ன ஏன் நோகுது?"

"போன கிழம தொண்ணூத்தி ஆறு" என்று சொல்லி, அவள் மேசைத் துணியில் வாந்தி எடுத்தாள்.

கேடயம் உடனே அப்புறப்படுத்தப்பட்டது. பிள்ளையைப் பிறகு அப்புறப்படுத்தினார்கள்.

தேடுதல் தொடங்கியது. இடாப்பு இருக்கிறாள் என்று சொன்னபடியால் தேடாமல் விட முடியாது. வகுப்பை வரிசையில் நிறுத்தி மூன்று தடவை எண்ணினார்கள். மூன்று தடவையும் ஒரு தலை குறைந்தது. பாய்களைத் தூக்கிப் பார்த்தார்கள். மாடிப்படிக்குக் கீழே புத்தகச் சாக்கை அவிழ்த்தார்கள். சீனிமுகம்மது கிணற்றை எட்டிப் பார்த்து, "புள்ள! ஓய் புள்ள!" என்று கூப்பிட்டான். முனவ்வறா எங்கே படுத்திருக்கிறாள் என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். ஆனால் அரசாங்க உத்தியோகத்தன்.

"சேர்" என்றாள் சுபைறா. "அவள் ஊட்ட சுருண்டு கிடக்காள். இவங்களுக்கும் தெரியும். ஆறு மாசமா வயிறு நொந்த புள்ள. ஒங்கட ஒரு கடதாசியிலயாவது அது இரிக்கா? டொக்டர் எழுதினத்தையும் மடிச்சிக் குத்திட்டாங்க. ஒரே ஒரு சொல்லு எழுதுங்க. அந்த இடாப்புல, இண்டைக்கி, என்ட புள்ளைக்கு நேர, 'வரவில்லை, வயித்து நோவு' எண்டு எழுதுங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

அபுல் ஹஸன் இடாப்பை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். அதிகாரிகள் மேடையில் பேசும் தமிழில் பேசினார்.

"சகோதரி, உங்கள் உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் நிதானமாகச் சிந்திப்போம். இடாப்பு ஓர் அரசாங்க ஆவணம். தாய் ஓர் அரசாங்க ஆவணம் அல்ல. இடாப்பின்படி பிள்ளை காலை எட்டு மணிக்கு இங்கே வந்துவிட்டாள். உங்கள் வாக்குமூலத்தின்படி இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறாள். ஆகவே இடையில் யாரோ அனுமதியின்றி அவளைக் கொண்டுபோயிருக்க வேண்டும். அது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. நானும் பிள்ளை குட்டிக்காரன். இன்று ஒரு மகிழ்ச்சியான நாள்."

கைதட்டல் எழுந்தது. சுபைறா தன் கைகளை முந்தானைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டாள். கேடயத்தைத் துடைத்துக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். அதிபர் அழுதார்.

நோன்பு விடுமுறைக்குள் ஒரு கடிதம் வந்தது. முழு வரவு இருந்தும் ஆளைக் காண முடியாமையால் மாணவி முனவ்வறாவின் பெயர் நீக்கப்படுகிறது. பாடசாலை விடுகைப் பத்திரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவள் தோற்ற முடியாது. மீராசா ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் கத்தினார். அவர் சாறன் விற்கிற கடையெல்லாம் கேடயத்தைப் பற்றித்தான் பேச்சாம். சுபைறாவோ, பெருநாள் கழிந்ததும் சாய்ந்தமருதில் தன் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதென்று தீர்மானித்திருந்தாள்.

சேர்க்கப் போகும் நாளுக்கு முந்திய பின்னேரம் அவள் தறியில் இருந்தாள். முனவ்வறா பக்கத்தில் உட்கார்ந்து விடுகைப் பத்திரத்தை எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். வாசிப்பதில் அவள் எப்போதுமே கெட்டிக்காரி.

"வரவு, நூறு வீதம். உடல்நலம், மிக நன்று. நோயினால் விடுபட்ட நாட்கள், இல்லை. கீழ அதிபர் ஒப்பம் வெச்சிரிக்கார். அதிகாரியும் வெச்சிரிக்கார்." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "உம்மா."

"என்ன?"

"இதுல எனக்கு ஒண்டும் வந்ததேயில்ல எண்டு இரிக்கி. டொக்டரும் ஒண்டுமில்ல எண்டுதானே சொன்ன. அப்ப அந்த நோவெல்லாம் ஆருக்கு உம்மா வந்த?"

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. பத்து வயதில், தன் வயிற்றைப் பற்றி, இரண்டு ஒப்பம் உள்ள ஒரு கடதாசியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

சுபைறா தறியை நிறுத்தினாள்.

"ஒனக்குத்தான் மகள்" என்றாள். "ஒனக்குத்தான் வந்த. ஒவ்வொரு புதனும் மெய்யாத்தான் நொந்த. டொக்டரும் அப்படித்தான் சொன்னார், நான்தான் மறைச்சிட்டன். அவங்க பொய்யர். நானும் பொய்க்காரி."

முனவ்வறா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அறை வாங்கிய நாளிலிருந்து அழுகைச் சத்தமே வராத அந்தத் தொண்டையிலிருந்து முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு அவள் வாயைத் திறந்து அழத் தொடங்கினாள். ஆறு மாத அழுகை. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

பக்கத்து வீட்டிலிருந்து சல்மா உம்மா, "என்ன புள்ள அங்க?" என்று கேட்டாள். தெருவில் போன யாரோ நின்றார்கள். சுபைறா எழுந்து போய், ஒருக்களித்திருந்த வாசல் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.

"அழு" என்றாள். "ஊர் கேக்கட்டும்."